டிரைவரம்மாவின் ஊதா ஆஸ்டர்

"என்ன, இன்னும் தூக்கமா? வெயில் வந்தாச்சு, எந்திரிங்க!"

பஸ் டிப்போவுக்குக் கிளம்பும் முன் ஆஸ்டர் பூச்செடிப் பாத்தியில் குனிந்து இப்படி ஓர் அதட்டல் போடாவிட்டால் டிரைவரம்மாவுக்குப் பொழுது விடியாது. குளிரில் தண்டெல்லாம் கருகினாலும் வேர் மண்ணுக்குள் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் செடி அது. வெயில் தலைகாட்டியதும் தளிர்விடும். பூப்பதென்னவோ மற்ற செடிகளெல்லாம் ஓய்ந்த பிறகுதான். "நம்ம கடைசி ட்ரிப் மாதிரி. இனிமே வராதுன்னு நெனைக்கிறப்ப வந்து நிக்கும்" என்பார்.

நெரிசலில் பஸ் ஓட்டிப் பழகியவரிடம் தாட்சண்யத்தை எதிர்பார்க்க முடியுமா? செடி முழங்கால் உயரம் வந்ததும் நுனியை நறுக்கென்று வெட்டிவிடுவார். பார்க்கிறவர்கள் தடுக்கப் பார்ப்பார்கள். "வெட்டினாத்தான் பக்கத்துல கிளைக்கும். இல்லேன்னா ஒட்டடைக்குச்சி மாதிரி வளந்து ஒரே காத்துல சாஞ்சிடும்." சில வருஷத்துக்கு ஒருமுறை தூரையே தோண்டிப் பிரிப்பார். கிழடு தட்டிய நடுக்கட்டையை வீசிவிட்டு ஓரத்து இளங்குருத்துகளை நடுவார். அந்த வேலையில் வேறு யாரும் கை வைக்கக்கூடாது.

இந்த வருஷம் தோள்மூட்டு விலகி வலது கை கழுத்தில் மாட்டிய கட்டுத்துணியில் தொங்குகிறது. ஊதா ஆஸ்டரையோ பிரித்தே ஆகவேண்டும். அக்கா கண்ணை மூடுவதற்கு முன் கொடுத்த செடி. அது போனால் போனதுதான். வேறு வழியில்லாமல் வீட்டுக்காரரைப் பாத்தியில் இறக்கினார். அவர் ரேடியோ ரிப்பேர் செய்பவர், பழைய திருகாணியைக்கூட எறிய மனசு வராத மனுஷர். "ஆகாததத் தூக்கி எறிஞ்சிடுங்க" என்று சொல்லிவிட்டு டிரைவரம்மா மாத்திரை போட உள்ளே போனார்.

திரும்பி வந்தால், நடுக்கட்டை ஜம்மென்று நடப்பட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது.

"குருத்தெல்லாம் எங்க?"

"அதுவா? பொடிப்பொடியா களை மாதிரி கெடந்துச்சு. குப்பை வண்டியில போட்டுட்டேன். தாய்க்கட்டையைப் போய் எறிய முடியுமா?"

ஐயோ! வெறுங்காலோடு தெருவில் ஓடினார் டிரைவரம்மா. முனையில் திரும்பவிருந்த வண்டிக்கு முன்னால் போய் இடது கையை நீட்டி நின்றார். "நிறுத்துப்பா! எங்கக்கா உள்ள கெடக்கா!" வண்டிக்காரர் அரண்டுபோய் பிரேக்கை மிதித்தார். ஊரான் வீட்டுக் காய்கறித் தோலுக்கு நடுவே கையை முழங்கைவரை விட்டுத் துழாவியதில் குருத்துகள் கிடைத்தன. கொஞ்சம் நசுங்கியிருந்தன, ஆனால் வேர் இருந்தது.

வீட்டுக்காரர் முகம் செத்துப்போய் நின்றார். "எனக்கு இதெல்லாம் வராது. வேற யாரையாவது கூப்பிட்டுக்கோ." டிரைவரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். அவர் தலைகுனிந்து விரலில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அது வந்த வழியே போய்விட்டது. பாவமாக இருந்தது.

"வராதுன்னா வரவச்சுக்கணும். இந்தாங்க" என்று குருத்துகளை அவர் உள்ளங்கையில் திணித்தார்.

வீட்டுக்காரர் மண்ணில் உட்கார்ந்தார். குழி தோண்டினார், மூடினார், மறுபடி தோண்டினார். "நீ பாத்துக்கிட்டே நின்னா கை ஓட மாட்டேங்குது."

டிரைவரம்மா பாத்திக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்க்கத் திரும்பி நின்றார்.