ஒரு விரலைத் தேடிப் பதினோரு மணி நேரம்

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சிட்னியிலிருந்து மெல்போர்னுக்கு ரயிலில் போனேன். விமானத்தில் ஒன்றரை மணி நேரம், ரயிலில் பதினோரு மணி நேரம். கட்டணத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. புத்தி சரியாக உள்ள யாரும் ரயிலைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். எனக்கு ஒரு காரணம் இருந்தது: முந்நூற்றுப் பன்னிரண்டு பக்க ஆங்கில நாவல் ஒன்றை, மெல்போர்னில் இறங்குவதற்குள் படித்து முடித்தாக வேண்டும்.

நாவலை எழுதியவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. பெயரையும் புத்தகத்தின் தலைப்பையும் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் என் தோழியைக் கண்டுபிடித்துவிடலாம். தோழியின் பெயரை வதனி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலையில் அவருக்கு அடிபட்டது எந்தக் கையில் என்பதையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

வதனி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். நான் மாணவியாக வந்த புதிதில், சிட்னியின் பென்டில் ஹில்லில் ஒரே வீட்டில் ஆளுக்கோர் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். பிறகு அவர் வேலைக்காக மெல்போர்னின் மேற்கே ட்ருகனினாவுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு கிடங்கில் பார்சல் பிரிக்கிறார். கிடங்கு நேரடியாக வேலைக்கு வைக்கவில்லை, ஏஜென்சி மூலம்தான். முந்தின நாள் மதியம் மெசேஜ் வந்தால் மறுநாள் வேலை. பிடிக்காத ஆளை யாரும் வேலையை விட்டு நீக்குவதில்லை. மெசேஜ் வராது, அவ்வளவுதான். இதை இந்த நாட்டில் 'நெகிழ்வான வேலை' என்று அழகாகச் சொல்கிறார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன் அக்காவின் வலது கை நடுவிரல், பார்சல் ஓடும் ரோலரில் மாட்டி நசுங்கியது. அக்கா யாரிடமும் சொல்லவில்லை. கையுறைக்குள் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் போனார். அடிபட்டவருக்கு மெசேஜ் வராது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். விரல் கோணலாகவே நின்றுவிட்டது. இன்றைக்கும் அதை மறைத்துத்தான் வேலை பார்க்கிறார்.

அந்த எழுத்தாளர் அப்போது சில மாதங்கள் மெல்போர்னில் தங்கி எழுதிக்கொண்டிருந்தார். அக்கா போகும் நூலகத்தில் வாரம் ஒருமுறை இலவச ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடக்கும். அதில் எழுத்தாளர் தன்னார்வலராக வந்து உட்கார்ந்திருக்கிறார். அவருடைய வரலாற்றையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். அம்மா கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை. இவர் விடுதி அறைகளைச் சுத்தம் செய்து, பிறகு ஆறு வருடம் கிடங்கில் பெட்டி கட்டி, நாற்பது வயதுக்கு மேல்தான் முதல் நாவலை வெளியிட்டார். பேருந்தில் போகும்போதும் வரும்போதும் எழுதியது அது. அப்படிப்பட்டவரிடம் அக்கா தன் விரலைக் காட்டியதில் ஆச்சரியம் இல்லை. வேறு யாருக்கும் காட்டாததைக் காட்டினார்.

இப்போது அவருடைய மூன்றாவது நாவல் வந்திருக்கிறது. மெல்போர்ன் கிடங்குத் தொழிலாளர்களிடம் பேசி எழுதியது என்று ஒரு செய்தி. அந்தச் செய்தியை அக்காவின் ஷிஃப்ட் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டுவிட்டார்கள். வருகிற சனிக்கிழமை நூலகத்தில் எழுத்தாளரே வந்து பேசுகிறார், எல்லோரும் போவோம் என்று டீம் லீடர் வேறு கட்டைவிரல் உயர்த்தியிருக்கிறார்.

"பிள்ளை, என்ரை விரலை எழுதிப்போட்டாவோ தெரியேல்லை," என்று அக்கா போனில் அழுதார். "அந்த லைனிலை தமிழ்ப் பொம்பிளை நான் ஒராள்தான். எனக்கு உந்த இங்கிலீசுப் புத்தகம் வாசிக்க ஒரு வருசம் எடுக்கும். நீர் வாசிச்சுச் சொல்லும்."

விரல் நசுங்கிய கதையே எனக்கு அந்தப் போனில்தான் தெரியும். புத்தகத்தை முப்பத்தைந்து டாலர் கொடுத்து வாங்கினேன். முதியோர் இல்லத்தில் எனக்கு அந்த வாரம் தொடர்ந்து வேலை. வெள்ளிக்கிழமை ரயிலைத் தவிர படிக்க நேரமே இல்லை.

காலை ஆறேகாலுக்கு பென்டில் ஹில்லில் உள்ளூர் ரயில் ஏறி, சென்ட்ரலில் ஏழு நாற்பது ரயிலைப் பிடித்தேன். முன்பதிவு செய்த சாதாரண இருக்கை, எழுபத்தெட்டு டாலர். இருக்கை அகலம், கால் நீட்ட இடம் உண்டு. பக்கத்தில் ஒரு முதியவர் வாக்கா வாக்கா என்ற ஊர் வரை தூங்கியே வந்தார். அவருக்கு நன்றி.

கோல்பர்ன் வருவதற்குள் எழுபது பக்கம். கதை முழுவதும் ஒஹாயோ. யாஸ் சந்திப்பு தாண்டியதும் மஞ்சள் புல்வெளி, ஆடுகள், மறுபடியும் புல்வெளி. 'விரல்' என்ற சொல் வரும்போதெல்லாம் அந்த வரியை இரண்டு முறை படித்தேன். ஒருவர் விரலால் சிகரெட்டைத் தட்டினார். இன்னொருவர் விரலில் மோதிரம் போட்டார். சும்மா இருங்களேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது.

வாக்கா வாக்கா தாண்டி, இருநூற்றைந்தாம் பக்கத்தில் அகப்பட்டது. ரோலர், கையுறை, துணி, மறுநாள் வேலை, எல்லாம் அப்படியே. ஆனால் விரல் ஓர் அறுபது வயது வெள்ளைக்காரருடையது. உணவு இடைவேளையில் அவர் தன் வண்டியில் தனியாக உட்கார்ந்து, அவித்த முட்டையை ஸ்டீரிங்கின் மேல் உருட்டி உருட்டி ஒற்றைக் கையால் உரிக்கிறார். நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அக்கா அப்படி முட்டை உரிப்பதை வீடியோ காலில் நானே பார்த்திருக்கிறேன். அக்காவேதான். ஆனால் அந்த ஏஜென்சியில் ஒருவராலும் அவரைக் கண்டுபிடிக்க முடியாது.

"நீங்க இல்லக்கா, ஒரு வெள்ளைக்காரத் தாத்தா" என்று மெசேஜ் அடித்தேன். சிக்னல் இல்லை. ஆல்பரி வரும்வரை அது போகவே இல்லை. அங்கேதான் நியூ சவுத் வேல்ஸ் முடிந்து விக்டோரியா தொடங்குகிறது. ரயில் நின்றதும் பதில் வந்தது: "கிழவனோ? எனக்குத் தாடி இருக்கோ?" அடுத்து ஒரு குரல் பதிவு. பேச்சே இல்லை, சிரிப்பு மட்டும்.

மிச்சப் பக்கங்களையும் படித்து முடித்தேன். நிம்மதி பெனல்லா வரை தாங்கியது. பிறகு எனக்குக் கோபம் வந்தது. வலி அக்காவுடையது, பக்கம் வெள்ளைக்காரருடையதா? பழுப்புத் தோல்காரியின் விரல் என்றால் புலம்பெயர்ந்தோர் கதை, வெள்ளைக்காரனின் விரல் என்றால் மனித குலத்தின் கதை. நூலகத்தில் எழுந்து கேட்டுவிடுவது என்று முடிவு செய்து, கேள்வியை ஆங்கிலத்தில் எழுதியும் வைத்தேன்.

மாலை ஆறரைக்கு மெல்போர்னின் சதர்ன் கிராஸ் நிலையம். புறநகர் ரயிலில் அரை மணி நேரத்தில் வில்லியம்ஸ் லேண்டிங். அக்கா காருடன் நின்றார். என் கேள்வியை வாசித்துக் காட்டினேன்.

"உமக்கென்ன விசரே?" என்றார். "எனக்கு ஷிஃப்ட் வேணும். உம்மடை புரட்சியை சிட்னியிலை போய்ச் செய்யும்."

"உங்க கதைய அவங்க எடுத்துக்கிட்டாங்கக்கா."

"எடுக்கட்டும். என்ரை பேரை எடுக்கேல்லைத்தானே?"

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. நூலகத்தில் எண்பது நாற்காலிகள், அனுமதி இலவசம். அக்காவின் டீம் லீடர் மூன்றாவது வரிசையில் இருந்தார். நாங்கள் கடைசி வரிசை. எழுத்தாளர் அறுபதை ஒட்டிய, பருமனான, மெல்லப் பேசும் பெண்மணி. ஒலிப்பதிவுக் கருவி வைத்துக்கொள்வதே இல்லையாம். கேட்டதை வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து எழுதுவாராம். கேள்வி நேரத்தில் டீம் லீடரே கையை உயர்த்தினார்.

"அந்த விரல் விஷயம், எங்கள் கிடங்கில் யாராவது சொன்னதா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

அக்காவின் கை என் முழங்காலைப் பிடித்தது. வலித்தது.

"நான் ஆறு வருடம் பெட்டி கட்டியவள்," என்றார் எழுத்தாளர். "என் ஊரில் அப்படிப்பட்ட விரல் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த கேள்வி?"

நான் கையை உயர்த்தவில்லை. என் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால், அவர் அக்காவைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். அது எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. இருநூறு கிலோமீட்டர் கோபப்பட்டுக்கொண்டு வந்த புத்திசாலிக்கு.

கையெழுத்து வாங்கும் வரிசையில் டீம் லீடர் எங்களுக்கு இரண்டு பேர் பின்னால் நின்றார். எழுத்தாளர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவாரோ என்று அக்காவுக்கு வியர்த்தது. எங்கள் முறை வந்தது. எழுத்தாளர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"யார் பெயருக்கு எழுதட்டும்?"

அக்கா என் பெயரைச் சொன்னார். அவர் எழுதி மூடி, புத்தகத்தை நீட்டினார். வெளியே வந்ததும் வெடித்தேன். "பாத்தீங்களா? கதைய எடுத்துக்கிட்டு ஆளையே மறந்துட்டாங்க!"

"மறக்கேல்லை," என்றார் அக்கா. "மற்ற ஆக்களுக்கு எல்லாம் வலக்கைப் பக்கம்தான் நீட்டினவ. எனக்கு மட்டும் புத்தகத்தைத் திருப்பி இடக்கையிலை வச்சவ. நீர் எதைப் பாத்துக்கொண்டு நிண்டனீர்?"

நான் டீம் லீடரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரில் ஏறியதும் அக்கா கேட்டார். "அந்தக் கிழவன்ரை கை கடைசியிலை சுகமாகுதோ?"

"டாக்டர்கிட்ட போறார். ரொம்ப லேட்டாப் போறார்."

டாக்டரிடம் போனால் ஏஜென்சிக்குத் தெரிந்துவிடும் என்றுதான் அக்கா இரண்டு வருடமும் போகாமல் இருந்திருக்கிறார். உங்கள் சம்மதம் இல்லாமல் டாக்டர் யாரிடமும் சொல்லக்கூடாது என்றேன். இழப்பீடு கேட்டால்தான் முதலாளிக்குத் தாள் போகும். கேட்பதும் கேட்காததும் உங்கள் விருப்பம்.

"இதை முதலே சொல்லியிருக்கலாமெல்லோ?"

"விரலையே நீங்க போன வாரம்தானேக்கா சொன்னீங்க!"

அந்த எழுத்தாளரை அக்காவைக் காப்பாற்றியவராக நினைத்து இதை எழுதவில்லை. ஒருவர் நசுங்கிய விரலைப் பரம ரகசியமாக ஒரு நாவலாசிரியரிடம் மட்டும் சொல்ல முடிகிறது என்றால், நாற்றம் கிடங்கில்தான் இருக்கிறது. என் கோபம் தப்பான விலாசத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பகல் ரயிலுக்கு இரண்டு வாரம் முன்பே பதிவு செய்யுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். ரயிலின் உணவுப் பெட்டியில் எனக்குப் பிடித்ததாக எதுவும் இல்லை. போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். அவசரச் செய்தி இருந்தால் பெரிய ஸ்டேஷன் வரும்போது அனுப்புங்கள். மெல்போர்னில் மைக்கி என்ற பயண அட்டை தேவை, சிட்னி ஓபல் அங்கே செல்லாது. நூலக நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இலவசம், இணையத்தில் இடம் பதிவு செய்துகொள்ளலாம். வேலையில் அடிபட்டால் டாக்டரைப் பாருங்கள். விசா என்னவாக இருந்தாலும் பாருங்கள்.

இதை எழுத அக்காவிடம் அனுமதி கேட்டு நேற்று மெசேஜ் போட்டேன். பதிலாகப் படம் ஒன்று வந்தது. நடுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்து வெள்ளைப் பட்டை ஒட்டியிருந்தது. கீழே எழுதியிருந்தார்:

"டொக்டரிட்டைப் போட்டு வந்திட்டன். எலும்பு பிழையாப் பொருந்தியிருக்காம், திருத்தலாமாம். நீர் எழுதும். ஆனா என்னைக் கிழவனாக்கிப் போடாதையும்."