இரண்டு வண்டிக்கு ஒரு ஸ்டெப்னி

ஸ்டெப்னி இல்லாமல் வண்டி ஊரைத் தாண்டக் கூடாது என்று எங்கள் வீட்டில் சட்டம் போட்டவள் நான். "ஜெயா, அடுத்த மாசம் லைசென்ஸ் முடியறது. எழுபத்தாறு வயசாச்சு, இனிமே புதுப்பிக்கப் போறதில்லை. அதுக்குள்ள ஒரு தடவை உன்னைப் பாண்டிச்சேரி வரைக்கும் அழைச்சுண்டு போறேன்" என்று இவர் சொன்னபோதும் அதைத்தான் சொன்னேன். "முதல்ல டிக்கியில ஸ்டெப்னி இருக்கட்டும். அப்புறம் பாண்டிச்சேரி என்ன, பாரிஸுக்கே வரேன்."

சும்மா இருந்திருக்கலாம். என் வாய் அப்படி.

இவர் என்றால் ராஜகோபாலன், என் வீட்டுக்காரர். பொதுப்பணித் துறையில் வரைபடம் போடுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டை நாலுக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார். ஓட்டலில் காபி குடிக்கக்கூட யோசிப்பார். வாழ்க்கையில் இவர் செய்த ஒரே ஊதாரித்தனம் அந்தச் சிவப்பு ஸ்பிட்ஃபயர் கார். 1977-ல் ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயருடையது. இரண்டே சீட், துணிக் கூரை. மெட்ராஸில் ஒருவரும் அதைச் சீந்தவில்லை. ஒரு ஸ்கூட்டர் விலைக்கு இவர் வாங்கி, அபிராமபுரத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். எனக்கு அப்போது ஆறு மாதம். "மூணாவது ஆள் எங்க உட்காரும்?" என்று கேட்டேன். "உன் மடியில" என்றார். எங்கள் பெண் ஐந்து வயது வரை அப்படித்தான் ஊர் சுற்றினாள்.

இவர் கூரையை மடக்கிவிட்டு மாடவீதியில் ஓட்டிக்கொண்டு போனால் அறுபத்துமூவர் பார்க்க வந்த கூட்டம்கூட இந்தப் பக்கம் திரும்பும். பெருமை எனக்கும்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வாங்கும்போதே அதில் ஸ்டெப்னி கிடையாது. ஓடுகிற சக்கரங்களோ அகலம், டிக்கியோ துளியூண்டு. அதே அளவில் ஐந்தாவது சக்கரம் கிடைத்தாலும் அதை வைத்தால் பெட்டிக்கு இடமில்லை. ஒல்லியாக ஒன்று வேண்டும். அதைக் கொடுத்தவர் கரீமுல்லா பாய். மீர்சாகிப்பேட்டையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அவரிடம் ஒரு ஹெரால்டு கார் இருந்தது. கண்ணாடிக்கு அளவு கொடுக்கப் போன இடத்தில் பேச்சு வண்டிக்குத் தாவி, ஹெரால்டின் ஒல்லிச் சக்கரம் எங்கள் வண்டியிலும் கச்சிதமாக மாட்டும் என்று இருவரும் கண்டுபிடித்தார்கள்.

டயர் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம் அது. ஆகவே இரண்டு வண்டிக்கும் ஒரே ஸ்டெப்னி. யார் வெளியூர் போகிறாரோ அவர் எடுத்துக்கொள்ள வேண்டியது, திருப்பும்போது காற்றடித்துக் கொடுக்க வேண்டியது. பதினாறு வருஷம் இப்படி ஓடியது. எங்கள் வீட்டிலிருந்து அது வடுமாங்காயோடு போகும். ரம்ஜான் சமயம் என்றால் சீர்குருமா பாயசத்தோடு திரும்பி வரும். சக்கரம் வாங்க வந்த மனிதர் இரண்டு மணி நேரம் பேசிவிட்டுச் சக்கரத்தை மறந்துவிட்டுப் போவார்.

"உங்களுது இன்னா சார் வண்டி? செருப்பு. கால வுட்டா நெறஞ்சு பூடுது" என்பார் பாய்.

"உன்னுது கல்யாண மண்டபம் கரீம். ஆள் இல்லாம ஓட்டவே கூடாது" என்பார் இவர். வாசலில் இரண்டு ஆண்பிள்ளைகள் இப்படிக் கெக்கேபிக்கே என்று சிரித்தது இப்போதும் என் காதில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்கப்புறம் அப்படி யாரும் சிரிக்கவில்லை.

1993-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. ஸ்டெப்னி எங்கள் டிக்கியில் இருந்தது. இவர் சாப்பிட்டுவிட்டு நல்ல தூக்கம். போன் அடித்தது.

"மாமி, சார் கீறாரா? ஸ்டெப்னி வோணும். கொஞ்சம் அவசரம்."

"தூங்கறார் பாய். அஞ்சு மணிக்கு எழுந்துப்பார், வாங்கோ."

"சரி மாமி" என்று வைத்துவிட்டார். ஐந்து மணிக்கு அவர் வரவில்லை. எனக்கும் சொல்ல மறந்துவிட்டது.

பத்து நாள் கழித்து இவரே சக்கரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு முகம் செத்துத் திரும்பினார். "வாசல்லயே வாங்கி வெச்சுண்டான். உள்ள வாங்கோன்னு ஒரு வார்த்தை இல்லை. இனிமே என்கிட்டயே இருக்கட்டும் சார்னுட்டான்."

இரண்டு மாதம் கழித்து ஜாம்பஜாரில் பாயின் மனைவி ஜஹீதாவைப் பார்த்தேன். எதார்த்தமாகத்தான் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மேல்விஷாரத்தில் பாயின் அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஸ்டெப்னி இல்லாமல் கிளம்பிய வண்டி காவேரிப்பாக்கம் தாண்டி பஞ்சர். ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. பாய் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அந்தப் போனை எடுத்தவள் நான் என்று அவளுக்குத் தெரியாது.

இன்று சொல்லிவிட வேண்டும் என்று வீட்டுக்கு வந்தேன். சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. ஒரு வருஷம் போனபிறகு சொன்னால் 'ஒரு வருஷம் ஏன் மறைச்சே' என்று கேட்பாரே என்று பயம் வந்துவிட்டது. அதற்குப் பதிலாக அந்த ஸ்டெப்னி சட்டத்தைப் போட்டேன். வண்டி அடையாறு, திருவான்மியூரோடு நின்றுபோனது. ஒவ்வொரு ரம்ஜானுக்கும் இவர் கேட்பார்: "நான் அவனுக்கு அப்படி என்னடி பண்ணிட்டேன்?" நான் "விடுங்கோ" என்பேன். முப்பது வருஷம் விடுங்கோ, விடுங்கோ என்றே ஓட்டிவிட்டேன், பாவி.

இப்போது பாண்டிச்சேரி என்றதும் இவர் மூன்று நாள் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினார். "மாருதி கேளு, அம்பாசடர் கேளு பெரியவரே. இத்த மியூசியத்துலதான் கேக்கணும்" என்று அனுப்பிவிட்டார்களாம். ஒருவன் பியட் சக்கரம் ஒன்றைத் தலையில் கட்டினான். அதே நாலு ஓட்டைதான். மாட்டிப் பார்த்தால் ஒரு நூல் வித்தியாசம். முறுக்கி ஏற்றிவிடலாமா என்று கேட்டதற்கு மந்தைவெளி மெக்கானிக் பாலு, "ஏத்தலாம் சார். அப்பால நீங்க ஒரு பக்கம் போவீங்க, வீலு ஒரு பக்கம் போவும்" என்றானாம்.

அன்று சாயங்காலம் ஷெட்டில் வண்டிக்குள் சும்மா உட்கார்ந்திருந்தார். "அவன்கிட்ட இருக்கும். ஆனா நான் போய்க் கேக்க மாட்டேன் ஜெயா. என்னை வேண்டாம்னவன் அவன்" என்றார்.

மறுநாள் காலை கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு மீர்சாகிப்பேட்டைக்கு ஆட்டோ பிடித்தேன். தாடியெல்லாம் வெளுத்து, கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் பாய். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். உட்காரச் சொல்வதற்குள் கொட்டிவிட்டேன்.

"பாய், அன்னிக்கு அவர் நிஜமாவே தூங்கிண்டுதான் இருந்தார். நான்தான் எழுப்பலை. நீங்க போன் பண்ணினதே இன்னி வரைக்கும் அவருக்குத் தெரியாது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியாதா?"

"தெரியாது."

"பக்கத்துல நின்னுக்கினு, 'தூங்குறேன்னு சொல்லு'ன்னு சார்தான் சொல்லிக் குடுத்தார்னு நெனச்சேன் மாமி. அம்மா மூஞ்சிய பாக்க முடியல, அது நசீபு, தலவிதி. சார் இப்டி பண்ணிட்டாரேன்னுதான் தாங்க முடியல."

நான் கடை வாசல் என்றும் பார்க்காமல் அழுதேன். அழாதீங்க என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே சரி. பிறகு உள்ளே போய் மாடிப்படிக்கு அடியிலிருந்து கோணி சுற்றிய சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். "வண்டிய வித்துட்டேன். வாங்குனவன் ஸ்டெப்னி எங்கன்னான். அது ரெண்டு பேரு சொத்து, நான் மட்டும் எப்டி விக்கிறதுன்னு தர்ல." நான் கை நீட்டினேன். "தாங்க மாட்டீங்க மாமி. நானே வர்றேன்."

வீட்டு கேட்டில் ஆட்டோ நின்றது. இவர் பாயைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். அவர்கள் வாய் திறக்கும் முன் எல்லாவற்றையும் நானே சொல்லி முடித்தேன். இவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"கரீம், அம்மாவை எங்க அடக்கம் பண்ணியிருக்கு?"

"மேல்விஷாரத்துலதான் சார்."

அந்தச் சக்கரத்துக்குப் பாலு புது டயர் மாட்டிக் கொடுத்தான். ஐந்து நாள் இவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. போட்டதைச் சாப்பிட்டார், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வண்டியை வெளியே எடுத்தார். வந்து நின்ற பாய், "மாமிய இட்டுக்கினு பாண்டிச்சேரி போங்க சார், நான் அப்பால பாத்துக்கறேன்" என்று பின்வாங்கினார். "பாண்டிச்சேரிக்குப் பஸ் இருக்கு. நீ ஏறு" என்றார் இவர். என் சீட்டில் பாய் உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். பாய்தான் வாங்கிக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு என் கைபேசி அடித்தது. இவர்தான்.

"கரீம் அம்மா பக்கத்துல நிக்கறோம். நீ பண்ணினதுக்கு நான் மன்னிப்புக் கேக்க முடியாது ஜெயா. போனை இங்க கீழ வெக்கறேன். நீயே பேசு."

பிறகு காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றேன்.

"அம்மா, நமஸ்காரம். ராஜகோபாலன் ஆத்துக்காரி ஜெயலக்ஷ்மி பேசறேன்" என்று ஆரம்பித்தேன்.