சிறிது மௌனம்

மைக்கை முந்தானையால் துடைத்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, "மெர்லின் நேத்து பூண்டு ரசம் துன்னுகீறா" என்று அறிவித்துவிட்டுத்தான் எல்சி இறைவனிடம் வருவாள். மைக் அப்போது ஆனில் இருக்கும். ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பின்னால் உள்ள அந்தத் தெருவுக்குத் தவக்காலம் இப்படித்தான் விடிகிறது.

தெருமுனையில் மாதா கெபி, குகை மாதிரி கட்டிய சின்னக் கோயில். கெபிக்குள் மாதா, மாதாவைச் சுற்றி ஓடுகிற நீல சீரியல் செட், ஓரமாக ஒரு ஆம்ப்ளிஃபயர். அதிலிருந்து போகும் ஒயர் விளக்குக் கம்பத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கரில் முடிகிறது. ஸ்பீக்கரின் வாய் எல்சி வீட்டு ஜன்னலைப் பார்த்திருப்பது தற்செயல் அல்ல. கட்ட வந்த சவுண்டு சர்வீஸ் வல்லரசு அதைக் கடல் பக்கமாகத்தான் வைத்தான். "கடலுக்கு இன்னாத்துக்குடா பிரசங்கம்? இப்டிக்கா திருப்பு" என்று ஏணியடியில் நின்று திருப்ப வைத்தவள் அவள்.

இந்தக் காலை வாசகம் தவக்காலத்துக்கு மட்டும். தெருவுக்கொரு ஜெபக் குழுவான ஒவ்வொரு அன்பியத்துக்கும் பங்குக் கோயிலிலிருந்து ஒரு கையடக்கப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். தினம் ஒரு பக்கம் கெபியில் வாசிக்க வேண்டும். தொகுத்தவர் பங்குக்குப் புதிதாக வந்த ஃபாதர் சாவியோ. சின்ன வயது, தூத்துக்குடிக்காரர், பேசினால் ஊதுவத்திப் புகை போல மேலே போய்க் கலைந்துவிடுகிற குரல். பழைய மடங்களிலும் பாலைவனக் குகைகளிலும் உட்கார்ந்து இறைவனோடு கரைந்துபோன துறவிகளின் தியானங்களைத் தேடிப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார். எல்லாமே சத்தமில்லாத இடங்களில் எழுதப்பட்டவை. அவற்றை வாசிக்க அன்பியம் தேர்ந்தெடுத்தது எல்சியை.

எல்சியின் தொண்டைக்குத் தொழில்தான் காரணம். வாசகம் முடிந்த கையோடு இட்லிக் கூடையும் மீன் குழம்புத் தூக்குமாக ஷேர் ஆட்டோ ஏறி எண்ணூர் நெடுஞ்சாலைக்குப் போவாள். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் அங்கே ஒன்றன் பின் ஒன்றாகக் கிடக்கும். இன்ஜின் உறுமலுக்கும் ஏர் ஹாரனுக்கும் நடுவே, கண்ணாடியை ஏற்றிவிட்டு உயரத்தில் தூங்குகிற டிரைவரை, "நைனா, இட்லி சூடா கீது" என்று தரையிலிருந்தே எழுப்பி உட்கார வைக்க வேண்டும். அப்படிப்பட்ட குரலிடம் மைக்கையும் கொடுத்தால் தியானம் காசிமேடு வரைக்கும் போகத்தானே செய்யும்.

தியானத்தோடு உரையும் போகும். குளிர்நாட்டு மடம் ஒன்றில் ஆயுள் முழுக்க ஓர் அறையை விட்டு வெளியே வராத துறவினியின் பக்கம் ஒருநாள். "என்னைப் பூட்டிய கதவே எனக்குத் திறந்த வானம்" என்று வாசித்த எல்சி, கண்ணாடியைக் கழற்றினாள். "ஆயுசுக்கும் ரூமுக்குள்ளயே கீது அந்தம்மா. சோறு யாரு ஆக்கி வெச்சது? அத்தப் போட்டுகீதா புஸ்தகத்துல? போடல." மறுநாள் ஒரு குகைத்துறவி, "ஒன்றுமில்லாமையை நாடு, நெஞ்சே" என்றார். "நாடவே வாணாம். நம்ம கிட்டயே கீது." பிறகொரு நாள் இன்னொரு துறவினி இறைவனைப் பார்த்து, "உம் மௌனம் நீர் எனக்கு எழுதும் காதல் கடிதம்" என்று உருகியிருந்தாள். எல்சி தன் வீட்டு ஜன்னலை ஒரு பார்வை பார்த்தாள். "எங்க வூட்லயும் ஒருத்தர் தெனமும் எய்திகினு கீறாரு."

இதையெல்லாம்கூட ஃபாதர் பொறுத்திருப்பார். ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் அடைப்புக்குறிக்குள் 'சிறிது மௌனம்' என்று அச்சிட்டிருந்தார். வாசிப்பவர் அந்த இடத்தில் நிறுத்தி, கேட்பவர்களை உள்ளுக்குள் இறங்க விட வேண்டும். எல்சி அச்சில் ஏறியதை விட்டுவைக்கிற ஆள் இல்லை. முதல் நாளே கணீரென்று வாசித்தாள்: "சிறிது மௌனம்." சுற்றி நின்ற பெண்கள் பேசக் கற்ற நாளிலிருந்து மன்றாட்டு மாலைக்குப் பதில் சொல்லி வளர்ந்தவர்கள், முன்னால் நிற்பவர் எதைச் சொல்லி நிறுத்தினாலும் வாய் தானாகத் திறந்துகொள்ளும். "சிறிது மௌனம்" என்றார்கள் ஒரே குரலாக. அடுத்த நாள் அதற்கு ராகம் வந்தது. அதற்கடுத்த வாரம் பக்கத்து வீட்டு ஃப்ளோரன்ஸ் கடைசி எழுத்தை இழுத்து இழுத்து மேலே கொண்டுபோனாள். தவக்காலம் பாதி தாண்டுவதற்குள், தெருவே தொண்டை கிழியக் கத்துகிற ஒரே இடம் அதுதான் என்றாகிவிட்டது.

அது அடங்கியதும், ஆமேனுக்கு முன்னால், எல்சியின் சொந்த மன்றாட்டு ஒன்று உண்டு. "யோவ் ஸ்டானி. மாத்திரை முழுங்கு."

ஸ்டானிஸ்லாஸ் எல்சியின் கணவர். விம்கோ நகர்ப் பக்கம் இரும்புத் தகடு அடித்து அடித்துக் காதைத் தொலைத்தவர். மகள் ஜானட் வாங்கித் தந்த காது மிஷினை, "உள்ள காக்கா கத்துது" என்று கழற்றிக் குழந்தை இயேசு சுரூபத்தின் காலடியில் வைத்துவிட்டார். அவர் செவிட்டுத்தனத்தில் பாதி இரும்பு கொடுத்தது, மீதி அவராகச் சேர்த்துக்கொண்டது. எது எங்கே தொடங்குகிறது என்று எல்சிக்கே பிடிபடவில்லை. எல்சி கெபிக்குக் கிளம்பும்போது தருகிற பிரஷர் மாத்திரையை வாங்குவார், நாக்குக்கு அடியில் ஒளிப்பார், அவள் திரும்பியதும் வாசல் குரோட்டன்ஸ் தொட்டியில் துப்புவார். அந்தத் தெருவிலேயே பிரஷர் சீராக இருப்பது அந்தக் குரோட்டன்ஸுக்குத்தான். போன வருடம் ரேஷன் கடை வாசலில் சுருண்டு விழுந்தார். இன்னொரு தரம் விழுந்தால் எழுந்திருப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரைப் போய்ச் சேருகிற ஒரே குரல் அந்தக் கூம்பு ஸ்பீக்கர். தெருவே கேட்டுக்கொண்டிருக்கும்போது காது கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? முழுங்கிவிடுவார். அப்புறம்தான் எல்சி கூடையைத் தூக்குவாள்.

ஃபாதர் அவளைக் கோயிலுக்குக் கூப்பிட்டார்.

"எல்சிம்மா, 'சிறிது மௌனம்'ங்கிறது வாசிக்கதுக்கு இல்ல. இருக்கதுக்கு."

"போட்டுகீதே ஃபாதர்."

"அடைப்புக்குள்ள போட்டிருக்கம்மா."

"படிக்கக் கூடாதுன்னா இன்னாத்துக்குப் போட்டீங்க?"

ஃபாதர் சிறிது மௌனமானார். பிறகு, "நாளைக்கு நானே கெபிக்கு வாரேன். அச்சிட்டது மட்டும் போதும். ரசம், மாத்திரை ஒண்ணும் வேண்டாம். அந்த இடத்துல நிறுத்தணும். முடியலைன்னா மெர்லின் வாசிக்கட்டும்" என்றார். மெர்லின் பாடகர் குழுவில் இருப்பவள், சாயங்கால ஜெபத்துக்குக் கெபியில் அதே மைக்கில் பாடுகிறவள். அவள் வாசித்தால் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். ஃபாதருக்கு அது பிடித்திருந்தது.

வரும் வழியில் எல்சி ஃப்ளோரன்ஸிடம் சொன்னாள்: "மைக்கு போனா போவுது. எங்க வூட்டு ஆளு போயிட்டா?"

"அத்த ஃபாதராண்ட சொல்றதுதான?"

"சொன்னா இன்னா பண்ணுவாரு? ஜெபம் பண்ணிக்கிறேம்பாரு."

வீட்டில் கணவரின் முகத்துக்கு நேரே நின்று, "நாளைக்கு மைக்குல சொல்ல மாட்டேன். நீயே முழுங்கிடு" என்று கத்திப் பார்த்தாள். ஸ்டானி ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "மழையா? காணோமே" என்றார்.

மறுநாள் காலை ஃபாதர் வந்து நின்றதில் கெபிக்குக் கூட்டம் இரண்டு மடங்கு. மெர்லின் புதுப் புடவையில், தலை குளித்து, தொண்டையைச் செருமியபடி தயாராக இருந்தாள். எல்சி மைக்கைத் துடைத்தாள். முகர்ந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. 

அன்றைய பக்கம் ஒரு பாலைவனத் துறவியுடையது. "நாவை அடக்கியவன் பாதி வழியில் நிற்கிறான், நெஞ்சையும் அடக்கியவன் வீடு சேர்ந்துவிட்டான்." ஒரு வார்த்தை கூட்டாமல், ஒன்று குறைக்காமல் வாசித்தாள். அடைப்புக்குறி வந்தது. உதடு குவிந்தது. பின்னாலிருந்து ஃப்ளோரன்ஸ் பழக்கதோஷத்தில் "சிறி..." என்று எடுத்துவிட்டாள், யாரோ இடுப்பில் கிள்ளினார்கள்.

எல்சி நிறுத்தினாள்.

கொருக்குப்பேட்டைப் பக்கம் கூட்ஸ் வண்டி ஒன்று பெட்டி மாற்றுகிற சத்தம் கேட்டது. யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. ஸ்பீக்கர் உஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஃபாதர் கண்ணை மூடி, கைகளை விரித்து, முகமெல்லாம் கனிந்து, அறுத்த பப்பாளி போல நின்றார். தெருவை ஒருவழியாக உள்ளே இறக்கிவிட்ட திருப்தி அவருக்கு. ஆமேனுக்கு அவசரமே படவில்லை. எல்சி மட்டும் உள்ளே இறங்கவில்லை.  கண் குரோட்டன்ஸ் தொட்டியை விட்டு அசையவில்லை.

கதவு திறந்தது.

ஸ்டானிஸ்லாஸ் லுங்கியை ஏற்றிக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். முதலில் ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு அவரையே பார்த்தார்கள். இப்படியொரு ஏச்சை அவர் இதுவரை வாங்கியதில்லை. தொட்டி காலடியில் இருந்தது. அதன் பக்கம் ஒரு முறை கண்ணை ஓட்டிவிட்டு, நற்கருணை வாங்குகிறவரைப் போலத் தலையை நிமிர்த்தி, வாயைத் திறந்து, நாக்கை நீட்டி எல்சியிடம் காட்டினார். நாக்கு காலியாகத்தான் இருந்தது. ஃப்ளோரன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டாள்.

எல்சி ஒரு கையில் மைக்கோடு, மறு கையின் சுட்டுவிரலை மெதுவாக மேலே தூக்கிக் காட்டினாள்.

ஸ்டானி வாயை மூடினார். தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. மறுபடி வாயைத் திறந்து, இந்த முறை நாக்கைத் தூக்கினார்.