தூக்கக்காரம்மாவின் கோபம்

"ஃபேன் சத்தம் கேக்குது. கீழ லாரி ஹாரன் அடிக்குது. அடிக்கட்டும். ஒவ்வொரு ஹாரனுக்கும் உங்க தோள் இன்னும் கொஞ்சம் கீழ இறங்குது..." சாய்ந்து படுத்திருப்பவரிடம் அந்த அம்மாள் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது யாரோ கதவைத் தடதடவென்று தட்டுகிறார்கள். வாக்கியத்தை முடித்த பிறகுதான் எழுந்திருக்கிறார். வெளியே வந்து, கதவைப் பூப்போல சாத்திவிட்டு, படிக்கட்டில் நிற்கும் பார்சல்காரர் மேல் பாய்கிறார்.

"கண்ணை வீட்டுலயே வெச்சிட்டு வந்தியா? 'தட்டாதீர்'னு ஆள் உசரத்துக்கு எழுதி ஒட்டியிருக்கேன். இன்னும் எவ்வளவு பெரிசா எழுதணும் உனக்கு?"

பார்சல்காரர் கையெழுத்துக்கூட வாங்காமல் இறங்கிப் போகிறார். உள்ளே திரும்பியதும் பழைய குரல் வந்துவிடுகிறது. "கதவு தட்டின சத்தமும் கேட்டுது. அது போயிடுச்சு. இப்ப இன்னும் நல்லா இறங்கலாம்..." சாய்ந்து படுத்திருப்பவர் கண்கூடத் திறக்கவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இந்த அம்மாளின் அறை. ஹிப்னாடிசம் தொழில். சிகரெட்டை விட முடியாதவர், ஊசியைப் பார்த்தால் மயங்குபவர், லிஃப்டுக்குப் பயந்து ஒன்பது மாடி ஏறும் குமாஸ்தா எல்லோரும் வருகிறார்கள். தெருவில் இவருக்குத் தூக்கக்காரம்மா என்று பெயர். அதற்கும் கோபம்தான். "தூங்கறதுக்கு எங்கிட்ட எதுக்கு வரணும்? ஆபீஸ் மீட்டிங் போதுமே."

தொழில் ரகசியத்தைக் கேட்டால் ஒளிக்க மாட்டார். "மறுக்க முடியாத மூணு விஷயம் முதல்ல சொல்லணும். உக்காந்திருக்கீங்க. கால் தரையில இருக்கு. என் குரல் கேக்குது. மனசு ஆமா, ஆமா, ஆமான்னு தலையாட்டும். நாலாவதுக்கும் அது பாட்டுக்கு ஆட்டிடும். எல்லாம் அந்த நாலாவதுலதான் இருக்கு. மருந்தும் வெக்கலாம், விஷமும் வெக்கலாம்." பல் டாக்டர்கள் 'வலிக்கவே வலிக்காது' என்று சொல்வதைக் கேட்டால் பல்லைக் கடிப்பார். "ஒரே மூச்சுல வலியை ரெண்டு தடவை காதுல ஊதிட்டு, துள்ளாதேன்னா எப்படி?"

கண்ணை மூடியவர்கள் எல்லோரும் அவருக்கு 'நீங்க'. கண்ணைத் திறந்தவர்கள் பெரும்பாலும் 'நீ'. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கணவர் இரண்டாவது வகை. "முப்பது வருஷமாச்சு. அந்த வெண்ணெய்க் குரலை நான் கதவுக்கு வெளிய நின்னு கேட்டதோட சரி. எனக்கு வாய்ச்சது ஹாரன்" என்கிறார் அவர்.

"கேக்காத ஆள்கிட்ட அந்தக் குரல்ல பேசறது திருட்டு" என்று அடுப்படியிலிருந்து பதில் பறக்கிறது. "திட்டினா நீயும் திருப்பித் திட்டலாம். அந்தக் குரலை எதுத்து என்ன பண்ணுவே?"

டப்பா மூடி அடிக்கும் கம்பெனி ஒன்று கொஞ்ச காலமாகத் தன் ஆட்களை இவரிடம் அனுப்பிவந்தது. அங்கே காலால் மிதியை அழுத்தினால் மேலிருந்து அச்சு இறங்கித் தகட்டை வெட்டும். அதற்குள் கையை வெளியே எடுத்துவிட வேண்டும். அந்த பிரஸ் மெஷின் முன் உட்கார்ந்தாலே கை நடுங்குகிறது என்று இரண்டு பெண்கள் வந்தார்கள். சில நாளில் நடுக்கம் போய்விட்டது. கம்பெனி நன்றி சொன்னது.

மூன்றாவதாக வந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். தூக்கக்காரம்மாவைப் பற்றி எழுத வந்திருந்த நான் மூலையில் உட்கார அந்தப் பெண்ணே சம்மதித்தார். கண்ணை மூடச் சொல்வதற்கு முன்பே அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"பக்கத்து மிஷின்காரிக்கு ரெண்டு விரல் போயிடுச்சுக்கா. அதிலேருந்துதான் எனக்கு நடுக்கம்."

"எப்படிப் போச்சு?"

"மிஷினுக்கு முன்னால ஒரு இரும்பு வலை இருக்கணும்கா. வலை இருந்தா கை உள்ள மாட்டாது. வேலை மெதுவா நடக்குதுன்னு எல்லா மிஷின்லயும் கழட்டிட்டாங்க."

"அவளுக்குப் பயமா இல்லையா?"

"இருந்துதே. அதுக்குத்தானே உங்ககிட்ட அனுப்பினாங்க. வந்துட்டுப் போனப்புறம் பாட்டுப் பாடிக்கிட்டேதான் வேலை பாத்தா."

அந்த அம்மாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பிறகு கூச்சலிட்டார். கதவுக்கு வெளியே மட்டுமே கேட்கும் குரல் முதன்முறையாக அறைக்குள் கேட்டது.

"எந்த மிஷின், எப்படி இருக்குன்னு ஒரு நடை போய்ப் பாத்தேனா? இங்க உக்காந்துக்கிட்டே ஊரைக் குணப்படுத்துற மகாராணி! அது நோயாடி? அந்தப் பொண்ணோட கைக்கு மிச்சமிருந்த காவலே அந்தப் பயம்தான். அவங்க இரும்பு வலையைக் கழட்டினாங்க. மிச்சத்தை நான் கழட்டிட்டேன்." என் பக்கம் திரும்பினார். "என்ன பாக்கறீங்க? இதையும் எழுதுங்க!"

"நீங்க கத்தினா என் பிரச்சினை தீந்துடுமாக்கா?" என்றார் வந்த பெண். "திங்கக்கிழமை மிஷின்ல உக்காரலேன்னா வீட்டோட இருந்துக்கோன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டார். எங்க வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான்."

அந்த அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ மாட்டேன்னா வேலை போகும். கை மாட்டேன்னா?"

"புரியலைக்கா."

"நீ போய் உக்காரு. ஒண்ணும் மறுக்காதே. கை மட்டும் போகாது. கேட்டா, 'அந்தம்மாகிட்டப் போயிட்டு வந்தேன் சார், அப்படியும் கை வர மாட்டேங்குது'ன்னு சொல்லு. அது பொய்யும் இல்ல. நானும் கூட வர்றேன். ஆனா நீ கேட்டாத்தான் செய்வேன். வேணுமா, வேணாமா?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேணும்கா."

வெண்ணெய்க் குரல் தொடங்கியது. "சாஞ்சு உக்காந்திருக்கீங்க. கால் தரையில இருக்கு. என் குரல் கேக்குது. உங்க கைக்கு எல்லாம் தெரியும். வலை மாட்டியிருந்தா கை நிதானமா முன்னால போகும். வலை இல்லேன்னா நீங்க எதுவும் செய்ய வேணாம். அது தானா பின்னால வந்து முதுகுல கட்டிக்கும்..."

திங்கட்கிழமை கம்பெனியில் எண்ணெய் நாற்றமும் தகரச் சத்தமும் காதையும் மூக்கையும் அடைத்தன. வரிசையாகப் பிரஸ் மெஷின்கள். ஒவ்வொன்றின் முகப்பிலும், வலை இருந்த இடத்தில் வெறும் போல்ட் ஓட்டைகள். அந்த அம்மாள் ஒவ்வொரு மெஷினாக நின்று பார்த்துக்கொண்டே வந்தார்.

அந்தப் பெண் தன் இடத்தில் உட்கார்ந்தார். இரண்டு கைகளும் மெல்ல எழுந்தன. தகட்டை நோக்கிச் சற்றுப் போய், திரும்பி, முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

"கையை முன்னால எடு. என்ன விளையாட்டு இது?" என்றார் சூப்பர்வைசர்.

"நான் எங்க சார் விளையாடறேன்? இதுதான் வர மாட்டேங்குது."

பக்கத்து மெஷின் நின்றது. அடுத்ததும் நின்றது. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் குரலைத் தணித்துக்கொண்டு அந்த அம்மாளிடம் வந்தார். "போன ரெண்டு பேரையும் நல்லாத்தானேம்மா பண்ணிக் குடுத்தீங்க? இவகிட்டயும் உங்க மாதிரி இதமா ரெண்டு வார்த்தை சொல்லி வேலை பாக்க வையுங்க."

"நல்லா பண்ணிக் குடுத்தேனா?" அந்தக் கூச்சலில் மீதி மெஷின்களும் நின்றுபோயின. "நீ எழுந்திரும்மா. சார், நீங்க வாங்க. உங்களுக்குத்தான் பயமே இல்லையே. முதல்ல வலது கையை விடறீங்களா, இடது கையையா? எதுன்னாலும் எனக்குச் சம்மதம். சொல்லுங்க!"

சொல்லிக்கொண்டே முக்காலியை மெஷினுக்கு நெருக்கி இழுத்துப் போட்டு, அதில் ஒட்டியிருந்த தகரத் துணுக்குகளை உள்ளங்கையால் தட்டிவிட்டு, சூப்பர்வைசர் உட்கார இடம் செய்து கொடுத்தார்.