சாணைக்குப் போன கத்திரி

சாக்பீஸால் கோடு போடாமல் துணியில் கத்திரி வைக்க மாட்டார் தையல் மாஸ்டர். அந்தக் கத்திரியை வேறு யாராவது தொட்டால் போச்சு, கடையே இரண்டாகிவிடும். சாணை பிடிக்கக்கூட அவரேதான் கொண்டுபோவார், பக்கத்திலேயே நின்று வாங்கி வருவார். “என்னைவிட அதைத்தான் பத்திரமா பாத்துக்கிறீங்க” என்று மெஷினில் உட்கார்ந்தபடி மனைவி வம்புக்கு இழுப்பாள்.

போன வருஷம் அந்த மனுஷன் விரித்த துணிக்கு முன்னால் மணிக்கணக்கில் கல்லாய் நின்றார். சோறு இறங்கவில்லை. தூக்கமும் இல்லை. மன்றாடித்தான் டாக்டரிடம் கூட்டிப்போனாள். மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மெல்ல மெல்லச் சிரிப்பு திரும்பியது.

திரும்பியதும் மனுஷன் சும்மா இருப்பாரா?

“அதான் நல்லாயிட்டேன்ல, இனிமே பாதி போதும்.”

“டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே?”

“வெட்டுறதுக்கு எனக்கு இன்னொருத்தர் சொல்லித் தரணுமாக்கும்!”

அவர் பிளேடால் வெட்டினார். துணியில் கோடு இல்லாமல் வெட்டாதவர், மாத்திரையில் வெட்டுவதற்கான கோடு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. இரண்டு பாதியும் அச்சாக ஒரே அளவு. அவளே மெச்சினாள்.

கொஞ்ச நாளில் வாந்தி, தலைசுற்றல், கை நடுக்கம். இந்தச் சனியனே வேண்டாம் என்று மொத்தமாக நிறுத்திவிட்டார். பழைய இருட்டு முன்னைவிட மோசமாக வந்து உட்கார்ந்தது. “நான் இருந்து என்னத்துக்கு?” என்று அவர் கேட்ட அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

“மெதுவா கரையணும்னே செஞ்ச மாத்திரைம்மா இது. வெட்டினா மருந்து மொத்தமும் ஒரேயடியா உடம்புல இறங்கிடும். திடீர்னு நிறுத்தினதும் தப்பு. குறைக்கணும்னா எங்கிட்ட கேட்டுட்டு கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்” என்றார் டாக்டர்.

“இனிமே முழுசா குடுத்தா சரியாயிடுமா?”

“கம்மியான அளவுலருந்து மறுபடி ஆரம்பிக்கணும். வேலை செய்ய சில வாரம் ஆகும். அதுவரைக்கும் தனியா விடாதீங்க. கூரான எதுவும் கைக்கு எட்டக்கூடாது.”

சில வாரம்! தப்பாகத் தைத்த துணி என்றால் பிரித்துத் தைத்துவிடுவாள். இதை என்ன செய்வாள்?

கத்திரியைப் பழைய துணியில் சுற்றிப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தாள். மறுநாள் காலை அவர் மேசையைத் தடவிப் பார்த்தார்.

“கத்திரி எங்க?”

“சாணை பிடிக்கக் குடுத்தனுப்பியிருக்கேன்.”

எரிந்து விழுவார் என்று காத்திருந்தாள். நாலு வார்த்தை திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது அவளுக்கு.

“சரி” என்றார்.