மாமா கொன்ற எலிகள்

மாமா மீன் சாப்பிடமாட்டார் என்ற செய்தி மாமாவுக்கு முன்பே எங்கள் ஊரான தாழ்வுபாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து அவர் தொலைபேசியில் அம்மாவிடம் சொல்ல, அம்மா பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லிக் கவலைப்பட, அன்று பொழுதுபடுவதற்குள் அது கரைவரை போய்விட்டது. படகில் வருவதும் மீன், வெயிலில் காய்வதும் மீன் என்றிருக்கும் எங்கள் ஊரில் அதை ஒரு நோயைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசினார்கள்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. ஐந்து வருடம் அரபு நாடு ஒன்றில் கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். உயிரோடு வரும் கோழிகளைக் காலில் பிடித்துத் தலைகீழாகக் கொளுக்கியில் மாட்டிவிடுவது அவருடைய வேலை. காலையிலிருந்து மாலைவரை அது ஒன்றுதான். இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. நான் வளர்ந்த பிறகு அம்மா சொன்னார். அவர் திரும்பி வந்தபோது எனக்கு எட்டு வயது. அங்கே மாமா கோழி வளர்த்தார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வந்த அன்று அம்மா ஒரு நம்பிக்கையில் நண்டுக்கறி வைத்திருந்தார். மாமா சோறும் பூசணிக்காயும் போட்டுச் சாப்பிட்டார். தேநீரில் பால் வேண்டாம் என்றார். முட்டை வேண்டாம், தயிர் வேண்டாம் என்றார். பக்கத்து வீட்டு மாமிக்குப் பொறுக்கவில்லை.

“தம்பி, நீங்கள் சைவமாகிட்டீங்களோ?”

கத்தோலிக்கக் குடும்பத்தில் அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல. மாமா சிரித்தார். “இல்லை மாமி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவன். சைவக்காரர் பால் குடிப்பினம். நான் அதுவும் குடியன்.”

“அப்ப இது என்ன வேதம்?” என்று மாமி கேட்டார். உயிர்களிடமிருந்து வரும் எதையும் உண்ணாதவரைக் குறிக்கும் வீகன் என்ற சொல்லை நான் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் கேள்விப்பட்டேன். மாமா அந்தச் சொல்லை எப்போதாவது கேட்டிருப்பாரா என்று தெரியவில்லை. “அதுக்கும் சாகப் பயம் அக்கா” என்று அம்மாவிடம் ஒருநாள் சொன்னார். அவர் கொடுத்த விளக்கம் அவ்வளவுதான்.

வீட்டில் ஒரு உயிரையும் கொல்லமாட்டார். கரப்பான் பூச்சியைக் காகிதத்தில் ஏந்தி வெளியே விடுவார். எறும்பு வராமல் சீனிப் போத்தலைத் தண்ணீர்த் தட்டில் வைப்பார். அம்மா முற்றத்தில் இருந்து எனக்குப் பேன் பார்த்து, ஒவ்வொன்றாக நகத்தில் வைத்துக் குத்தும்போது எழுந்து அப்பால் போய்விடுவார். “பேனை என்ன செய்யிறது தம்பி, பஸ்ஸில ஏத்தி அனுப்புறதோ?” என்று அம்மா கேட்பார். “அதுக்கு எனக்கும் வழி தெரியேல்லை அக்கா” என்பார் அவர். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுகிற பெரியவர்களை எனக்கு அதுவரை பழக்கமில்லை.

மாரி தொடங்கியதும் எலிகள் வீட்டுக்குள் வந்தன. அரிசிச் சாக்கைக் கடித்தன. என் கணக்குக் கொப்பியைக் கடித்தன. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அப்பா, விறாந்தையில் குவித்து வைத்திருந்த வலையை அவை கடித்துவைத்த அன்று சிரிப்பை நிறுத்தினார். கடையில் எலிமருந்து வாங்கி வருவதாகச் சொன்னார். மாமா தனக்குக் கொஞ்ச நாள் தரும்படி கேட்டு, டவுனிலிருந்து ஒரு கம்பிக் கூடு வாங்கி வந்தார். அதற்குள் சுட்ட தேங்காய்ச் சொட்டுத் துண்டு ஒன்றை வைத்தால் மறுநாள் காலையில் ஒரு எலி உள்ளே இருக்கும்.

அதன் பிறகுதான் எனக்குக் கொண்டாட்டம். பள்ளிக்கூடத்துக்கு முன் மாமா கூட்டைச் சைக்கிள் கரியரில் கட்டி, என்னை முன் பாரில் ஏற்றிக்கொள்வார். ஊர் முடிந்து உடைமர முட்பற்றைகள் தொடங்கும் இடம்வரை போவோம். அங்கே எப்போதும் நாலைந்து கழுதைகள் நிற்கும். மாமா கூட்டைத் திறந்துவிட்டுத் தள்ளி நிற்பார். எலி பயந்துபோய் மூலையிலேயே ஒடுங்கியிருக்கும். “போங்கோ, போங்கோ. ஒருத்தரும் ஒண்டும் செய்யமாட்டினம்” என்பார். எங்கள் ஊரில் எலிக்கு மரியாதை கொடுத்துப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

“நீ சைக்கிளைத் திருப்பிறதுக்கு முன்னம் அது வீட்டை வந்திடும் மச்சான்” என்று அப்பா சொல்வார்.

அது உண்மையா என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒருநாள் காலை கூட்டுக் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு வாலில் அம்மாவின் சிவப்பு நகப்பூச்சைப் பூசிவிட்டேன். அந்த எலியைப் பற்றைக்குள் விட்டுவிட்டு வந்தோம். நாலாம் நாள், அரிசிச் சாக்கின் பின்னால் அந்தச் சிவப்பு வால் போவதைக் கண்டேன். எலியின் வயிறு பெருத்திருந்தது.

நான் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா வென்றுவிடுவார், சைக்கிள் பயணம் நின்றுவிடும். எட்டு வயதில் இந்தக் காரணம் போதுமானதாக இருந்தது.

என் தம்பிக்கு அப்போது நாலு மாதம். மழை பெய்த ஒரு மத்தியானம், அவனை அறைக்குள் பாயில் தூங்கப் போட்டுவிட்டு அம்மா குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவன் வீரிட்ட சத்தம் கேட்டது. அம்மா ஓடிப்போய்த் தூக்கினார். பாதத்தில் இரத்தம். பெருவிரலில் இரண்டு சிறிய பல் தடங்கள். மாமா அவனை அம்மாவின் கையிலிருந்து வாங்கி, மழையோடு மழையாக றோட்டுக்கு ஓடி ஒரு ஓட்டோவை மறித்தார். அவருடைய வெள்ளைச் சேட்டில் இரத்தம் கரைந்து ரோசா நிறமாக ஓடியது.

ஆசுபத்திரியில் ஊசி போட்டு, அவனையும் அம்மாவையும் அங்கேயே தங்கவைத்துவிட்டார்கள். அடுத்த நாள் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. அன்று பின்னேரம் அப்பாவும் மாமாவும் அங்கிருந்து திரும்பி வந்து விறாந்தையில் இருந்தார்கள். அப்பா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது.

“மச்சான், நான் நாளைக்கு மருந்து வைக்கப்போறன்.”

“வைக்காதேங்கோ அத்தான். அது உடனே சாகாது. நாலைஞ்சு நாள் உள்ளுக்குள்ள இரத்தம் கசிஞ்சு, தண்ணிக்கு அலைஞ்சுதான் சாகும்.”

“என்ர பிள்ளையைக் கடிக்கேக்க அது அப்பிடி யோசிச்சதோ?”

மாமா, “நான் கொண்டுபோய் விட்ட ஒண்டுகூடத் திரும்பி வந்திருக்காது அத்தான். இது வேற எலி” என்றார். அது எங்களைவிடத் தனக்கே சொல்லிக்கொண்டதுபோல இருந்தது.

எனக்கு அதற்கு மேல் அடக்கமுடியவில்லை. சிவப்பு வாலைப் பற்றிச் சொன்னேன். எப்போது கண்டாய் என்று மாமா கேட்டார். போன கிழமை என்றேன்.

“ஏன் பிள்ளை சொல்லேல்லை?”

“சைக்கிள்ல போறதுக்கு.”

“அது உன்ர பிழை இல்லை” என்றார் மாமா. அதை நம்புவது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, “மருந்து வேண்டாம் அத்தான். நானே செய்யிறன்” என்றார்.

மறுநாள் காலையில் அப்பா கரைக்குப் போன பிறகு, மாமா, தம்பி தூங்கிய அறையின் மூலையில் கிடந்த பழைய வலைக் குவியலை ஒவ்வொரு மடிப்பாக விரித்தார். அடியில் கூடு இருந்தது. நைலோன் நூலையும் என் கொப்பித் தாள்களையும் கடித்துப் பஞ்சாக்கிக் கட்டிய கூடு. வாலில் இன்னும் சிவப்பு இருந்த தாய் எலி ஓடவில்லை. ஓடியிருந்தால் அவர் விட்டிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அதற்கு அடியில் ஏழு குஞ்சுகள், மயிர் இல்லாமல், கண் திறக்காமல், என் சுண்டுவிரல் அளவில் கிடந்தன.

“பிள்ளை, நீ வெளியில போ” என்றார்.

நான் வெளியே போய் யன்னலுக்குக் கீழே ஒரு வாளியைக் கவிழ்த்து, அதில் ஏறி நின்று பார்த்தேன். மாமா மண்வெட்டியின் பின்பக்கத்தால் தாயை அடித்தார். ஒரே அடிதான். பிறகு குஞ்சுகளைத் தன் பழைய சாரத்தைக் கிழித்த துணி ஒன்றில் வைத்து மூடினார். மூடிவிட்டு அப்படியே குந்தியிருந்தார். ஒருமுறை துணியைத் திறந்து பார்த்தார். திரும்பவும் மூடினார். வாசலில் கிடந்த சீமெந்துக் கல்லை இரண்டு கைகளாலும் தூக்கி வந்து, முழுப் பலத்தோடும் இறக்கினார். ஒன்றுகூட மிஞ்சி நோகக்கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு பலம். அன்று எனக்கு அது கோபமாகத் தெரிந்தது. தம்பிக்காகக் கோபப்படுகிறார் என்று நினைத்து மகிழ்ந்துபோனேன்.

அவர் வெளியே வந்து, கிணற்றடியில் குனிந்து வாந்தி எடுத்தார். நான் நிற்கவில்லை. கரைக்கு ஓடினேன். அப்பா மற்றவர்களோடு வலையைச் சீர்செய்துகொண்டிருந்தார். “மாமா எலியளைக் கொன்றிட்டார்! எட்டு!” என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். “சைவக்காரர் வழிக்கு வந்திட்டார்” என்று ஒருவர் சொன்னார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அப்பா கெட்டவர் இல்லை. அன்று பட்ட மீனில் நல்ல விளைமீன் ஒன்றை விற்காமல் எடுத்துவந்து, பக்கத்து வீட்டு மாமியிடம் கொடுத்துப் பொரிப்பித்தார். மாமாவின் சோற்றுக் கோப்பையில் நடுத்துண்டைத் தானே வைத்தார். பிணக்கு முடிந்தது என்று சொல்ல அவருக்குத் தெரிந்த வழி அது.

மாமா துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மன்னியுங்கோ அத்தான்” என்றார்.

“கொல்லலாம், தின்னேலாதோ?” அப்பா வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டு முடிந்ததும் அவருக்கே அது வேடிக்கையாக இருக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த அமைதியைப் போக்க நினைத்து நான் மாமாவின் கையைப் பிடித்து ஆட்டினேன். “அப்ப இனி நீங்களும் எங்களைப் போலதானே மாமா?”

“ஓம் பிள்ளை” என்றார். என் தலையைத் தடவிவிட்டுக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனார். அன்று அவர் ஒன்றும் சாப்பிடவில்லை.

தம்பியின் காய்ச்சல் மூன்றாம் நாள் விட்டது. அம்மா அவனோடு வீட்டுக்கு வந்தார். மாமாவோடு அவர் கோபிக்கவில்லை. ஆனால் முன்போலக் குழந்தையை மாமாவின் மடியில் போட்டுவிட்டுப் போகவும் இல்லை. மாமாவும் கேட்கவில்லை. அடுத்த மாதம் வவுனியாவில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். மடு மாதா திருவிழாவுக்கு எங்களோடு வருவார், கிறிஸ்து பிறந்த நத்தார் நாளுக்கு வருவார். தங்கமாட்டார். பின்னேர பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பார். மீனையும் பாலையும் இன்றுவரை தொடவில்லை. அந்தக் காலையைப் பற்றி நானும் அவரும் ஒருநாளும் பேசியதில்லை. தம்பிக்கு எதுவும் நினைவில்லை. அவன் இப்போது அப்பாவோடு கடலுக்குப் போகிறான்.

மாமா போவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பூசைக்குப் போயிருந்தார்கள். எனக்குத் தடிமனும் இருமலும் என்பதால் மாமாவோடு விட்டுப்போனார்கள். அவர் எங்கேயோ கேட்டு வாங்கிய அரைச் சாக்குச் சீமெந்தைக் குழைத்து, வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். சுவருக்கும் கூரைத் தகரத்துக்கும் இடையில் இருந்த வெளி, கதவடியின் பிளவு, தண்ணீர் போகும் ஓட்டை என்று கை போகாத இடங்களிலும் விரலால் தடவித் தடவி அடைத்தார். விரல்கள் சீமெந்தில் வெந்து தோல் உரிந்திருந்தன.

“எலியெல்லாம்தான் செத்திட்டுதே மாமா. இப்ப ஏன் அடைக்கிறீங்கள்?”

“இதை முதல் நாளே செய்திருக்க வேணும் பிள்ளை” என்றார். “இனி ஒண்டும் இதுக்குள்ள வரக்கூடாது.”

எங்கள் வீட்டுக்குள் நுழைகிற எலி இனி உயிரோடு வெளியே போகாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதைத் தடுக்கத் தான் அங்கே இருக்கப்போவதில்லை என்பதும் தெரிந்திருந்தது. நானோ, எங்களுக்குக் காவல் செய்கிறார் என்ற பெருமையோடு சீமெந்துச் சட்டியை ஏந்திக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தேன். காவல் யாருக்கு என்று கேட்க அப்போது எனக்குத் தெரியவில்லை.