பாலாற்றில் வழிமறித்த ஆள்காட்டி

அந்தப் பங்குனியில், குளிர்காலத்துக்கு வந்திருந்த உள்ளான் பறவைகள் கூட்டம் கூட்டமாக வடக்கே புறப்பட்டுவிட்டன. பாலாற்று மணலில் ஓர் ஆள்காட்டிப் பறவை இணை மட்டும் தங்கி, நான்கு முட்டைகள் இட்டிருந்தது. இட்ட இடம்தான் எனக்குக் கவலை. தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றிவரும் மாட்டுவண்டிகள் வாரத்தில் ஒருநாள் ஆற்றைக் கடக்கும். அந்தத் தடத்தின் நடுவே முட்டைகள் கிடந்தன.

வண்டிகள் வரும் நாளுக்கு முந்தின மாலை, வண்டிக்காரர்கள் கண்ணில் படட்டும் என்று, வழியில் சிந்தியிருந்த பட்டைகளால் முட்டைகளைச் சுற்றி ஒரு வட்டம் அடுக்கினேன். காலையில் அந்த வட்டத்தைக் காணவில்லை. சிந்திய பட்டையைச் சேர்த்து விற்கும் பெண் கூடையுடன் நின்றிருந்தாள்.

“நல்ல பட்டையாச்சேன்னு பொறுக்கிக்கினேன், டீச்சரம்மா. முட்டைய தொடவே இல்ல!”

அதற்குள் முதல் வண்டி மணலில் இறங்கிவிட்டது. நான் ஓடினேன்; கால்கள் புதைந்தன. அடைகாத்திருந்த பறவையோ எழுந்து, இறக்கைகளை அகல விரித்து, மாடுகளுக்கு எதிரே நின்று அலறியது. மாடுகள் மிரண்டு நின்றுவிட்டன.

வண்டிக்காரர் சிரித்துவிட்டார். “இம்மாத்தூண்டு இருந்துக்கினு என் காளைங்களயே மெரட்டுறியா? சரி தாயி, நானே ஒதுங்கிப் போறேன்.”

முன்வண்டியின் சக்கரத்தடத்திலேயே பின்வண்டிகளும் செல்வது வழக்கம். ஆகவே அன்று வந்த அத்தனை வண்டிகளும் விலகியே சென்றன. பிறகு அதுவே வழியாயிற்று.

சித்திரையில் நான்கு குஞ்சுகள் தாயின் பின்னால் மணலில் ஓடுவதைக் கண்டேன். எத்தனையோ பரிசளிப்பு விழாக்களில் கைதட்டியிருக்கிறேன்; ஆற்றில் தனியாக நின்று கைதட்டியது அன்று மட்டுமே.